நனைந்தால் இருமும் குவாட்: சிடிஐ வாங்குமுன் ஒரு ஸ்பிரே பாட்டில் வாங்குங்கள்

கேள்வி: என்னிடம் ஒரு குவாட், அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர ஏடிவி இருக்கிறது. ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், பெல்ட் டிரைவ். காய்ந்த தரையில் எந்தக் குறையும் இல்லை. மழையில் ஓட்டினாலும், ஓடையைத் தாண்டினாலும், ஏன், கழுவிவிட்டு எடுத்தாலும்கூட, ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தினால் இருமுகிறது. சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கிறது. ஸ்லோவில் மட்டும் நன்றாக நிற்கிறது. அரை மணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாகிவிடும். போன மாதம் இடுப்பளவுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் நின்றபோது மூச்சு முட்டி அணைந்தேவிட்டது. பிளக்கை இரண்டு முறை மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஏர் ஃபில்டர் புதியது. பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் சிடிஐ பெட்டி போயிருக்கும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த வாரம் வாங்காதீர்கள்.

சிடிஐ ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது. அதனால் பிடிபடாத கோளாறு எதுவானாலும் அதன் தலையில் கட்டிவிடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டைப் பிசின் ஊற்றி இறுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஓட்டில் விரிசல் விழாதவரை தண்ணீர் உள்ளே புக வழியில்லை. சிடிஐ உண்மையிலேயே கெட்டால் பெரும்பாலும் ஸ்பார்க்கே வராது. இல்லையென்றால் சூடேறியதும் விட்டுவிட்டு வரும், அதுவும் காய்ந்த தரையிலும் வரும். உங்கள் வண்டியோ அரை மணி நேரம் எஞ்சின் சூட்டில் காய்ந்ததும் குணமாகிறது. காய்ந்தால் போகிற கோளாறு வெளியே எங்கேயோ ஈரம் தங்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு வரி: ஸ்லோவில் நிற்கிறது, பாதிக்கு மேல் இருமுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் செய்யப்போகிற சோதனை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. பிளக் முனையில் இருக்கும் இடைவெளி 0.6, 0.7 மில்லிமீட்டர்தான். வெளிக்காற்றில் அதைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை அழுந்தி இறுகி இருக்கும்போது அது போதாது, 10,000 வோல்ட்டைத் தாண்டிப் போகும். ஸ்லோவில் கார்புரேட்டர் வால்வு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் உள்ளே போகும் கலவை குறைவு, அழுத்தம் குறைவு, தேவைப்படும் வோல்ட்டும் குறைவு. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் சிலிண்டர் நிறைகிறது, அழுத்தம் எகிறுகிறது. மின்சாரத்துக்கு அப்போது இரண்டு வழி தெரிகிறது. ஒன்று பிளக் முனையைத் தாண்டுவது. இன்னொன்று ஈரமான பிளக் கேப்பின், அதாவது பிளக்கின் தலையில் மாட்டும் தொப்பியின், வெளிப்புறம் வழியாக எஞ்சின் ஹெட்டுக்கு வழுக்கிப் போவது. எது சுலபமோ அதில்தான் போகும். அப்படிப் போன சுற்றில் பெட்ரோல் எரியாமல் சைலன்சருக்கு வந்து அங்கே பற்றிக்கொள்கிறது. நீங்கள் கேட்ட டப் டப் அதுதான்.

பிளக்கை மாற்றியும் பலனில்லாததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்குப் போய்ச் சேர்ந்தால்தானே பிளக் வேலை செய்யும்.

ஆனால் ஓடையில் நின்று அணைந்ததை நான் இதே கணக்கில் சேர்க்க மாட்டேன். இருமுவது வேறு, மூச்சு முட்டி அணைவது வேறு. நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டிக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கலாம் என்பது என் சந்தேகம். இரண்டுக்கும் தண்ணீர் பொது என்பதால் ஒன்றாகத் தெரிகிறது. நனைந்தால் வரும் கோளாறில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தண்ணீர் பட்டதற்கும் கோளாறு வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? பட்டவுடனே வந்தால் ஹை டென்ஷன் பக்கம், அதாவது வோல்ட்டைக் கூட்டும் காயில், அதிலிருந்து பிளக்குக்கு வரும் வயர், அதன் முனையில் இருக்கும் கேப். ஆழத்தில் நின்று ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வந்தால் கார்புரேட்டரின் காற்றுக் குழாய்கள். வெளியே வந்த பிறகும் விடாமல் தொடர்ந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியோ கார்புரேட்டருக்குள் போன தண்ணீரோ. மறுநாளோ மறுவாரமோ வந்தால் வயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சைத் துரு பூத்திருக்கும், இல்லாவிட்டால் டேங்கில் தண்ணீர் இருக்கும். அடுத்த முறை கடிகாரத்தைப் பாருங்கள்.

இப்போது சோதனை. செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்று, சுத்தமான குழாய்த் தண்ணீர். இருட்டிய பிறகு, திறந்த வெளியில். ஷெட்டுக்குள் வைத்து எஞ்சினை ஓட்டாதீர்கள், சைலன்சர் புகை ஆளைக் கொல்லும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் வைத்து, எஞ்சின் சூடாகும்வரை ஓடவிடுங்கள். சீட்டையும் பக்கத்து மூடிகளையும் முன்பே கழற்றிவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கண் பழகட்டும்.

முதலில் பிளக் கேப்பின்மேல் மட்டும் இரண்டு அழுத்து. பனி விழுந்தது போல நனைந்தால் போதும், ஊற்ற வேண்டாம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தி விடுங்கள். மெதுவாக ஏற்றினால் நியூட்ரலில் லோடு இல்லாததால் கோளாறு ஒளிந்துகொள்ளும். சட்டென்று அழுத்தும்போதுதான் சிலிண்டர் ஒரு கணம் நிறைந்து, பாதையில் ஓட்டும்போது வரும் அழுத்தம் கிட்டத்தட்ட வரும். கேப்பின் விளிம்பிலிருந்து ஹெட்டை நோக்கி ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய நூல் துடிப்பதைப் பார்த்தீர்களானால் வேலை முடிந்தது. காதை வைத்துக் கேட்டால் சடக் சடக்கென்று சத்தமும் வரும். கையை அருகே கொண்டுபோகாதீர்கள், அந்த அதிர்ச்சி விளையாட்டில்லை. இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்தச் சோதனைக்கு அவர் வேண்டாம்.

கேப்பில் எதுவும் தெரியவில்லையா? ஒரு நிமிடம் விட்டு அடுத்த இடம்: கேப்புக்குள் வயர் நுழையும் கழுத்து. பிறகு வயரின் முழு நீளம், குறிப்பாக ஃப்ரேமில் உரசிச் செல்லும் இடங்கள். பிறகு காயிலின் உடம்பு. ஒரு நேரத்தில் ஒரே இடம். எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்தால் கோளாறு வரும், பாடம் வராது. எதுவுமே பிடிபடாவிட்டால் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. பழைய பிளக் ஒன்றின் இடைவெளியை 1 மில்லிமீட்டர் அளவுக்கு விரித்து, சோதனைக்கு மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். தாண்ட வேண்டிய தூரம் கூடினால் தேவைப்படும் வோல்ட் கூடும், கசிகிற இடம் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். முடிந்ததும் மறக்காமல் சரியான பிளக்கை மாட்டுங்கள்.

உப்புத் தண்ணீர் அடித்தால் இன்னும் சீக்கிரம் தெரியும் என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். தெரியும்தான். அடுத்த மாதம் கப்ளர் பின்களெல்லாம் அரித்துப் போயிருப்பதும் தெரியும். வேண்டாம்.

ஒரு விஷயம் குழப்பக்கூடும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டின்மேல் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறினால், அது மின்சாரக் கோளாறு இல்லை. அந்த ரப்பரில் வெடிப்பு இருந்து காற்று உள்ளே இழுபடுகிறது, தண்ணீர் ஒரு கணம் அந்த வெடிப்பை அடைக்கிறது என்று அர்த்தம். அதுவும் சரி செய்ய வேண்டியதுதான், ஆனால் நாம் தேடுகிற ஆள் அதுவல்ல.

பெரும்பாலும் கேப்பில்தான் மாட்டும். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கேப்பைக் கையில் எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு முனையிலும் ரப்பர் சீல் இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா? உள்சுவரில் பென்சிலால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு இருக்கிறதா? மின்சாரம் ஒரே வழியில் பலமுறை வழுக்கிப் போய் அங்கே கரியைப் பதித்திருக்கிறது. அந்தக் கோடு விழுந்துவிட்டால் துடைத்தாலும் போகாது, காய்ந்திருந்தாலும் அது ஒரு கம்பிதான். கேப்பை மாற்றுங்கள். வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் ரெசிஸ்டன்ஸ் அளவைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் 5 கிலோ ஓம். மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள், பல மடங்கு கூடுதலாகக் காட்டினால் கேப் உள்ளே செத்திருக்கிறது.

பெரும்பாலான கேப்கள் வயருக்குள் திருகாணி போல ஏறி உட்காரும். எதிர்த்திசையில் திருகினால் கழன்று வரும். வெளியே வந்த வயரின் முனையைப் பாருங்கள். செப்புக் கம்பிகள் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டு, பளபளவென்று தெரியும் புது முனையில் கேப்பைத் திருகுங்கள். நீளம் போதவில்லையென்றால் இழுத்து மாட்டாதீர்கள், எஞ்சின் அசையும்போது உருவிக்கொண்டு வரும். மாட்டுவதற்கு முன் கேப்பின் உள்ளுதட்டிலும் வயர் நுழையும் கழுத்திலும் சிலிக்கான் டைஎலெக்ட்ரிக் கிரீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீரை உள்ளே விடாது, அவ்வளவுதான் அதன் வேலை. பேரிங்குக்குப் போடும் கிரீஸை அங்கே அப்பாதீர்கள், நாளடைவில் ரப்பரைக் கெடுத்துவிடும். சில காயில்களில் வயர் பிரிக்க முடியாதபடி வார்த்தே வந்திருக்கும். அதில் வயரின் தோல் வெடித்திருந்தால் காயிலோடுதான் மாற்ற வேண்டும்.

டபிள்யூடி-40 அடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். அந்தப் பெயரிலேயே இருக்கிறது: தண்ணீரை விலக்குவது, 40-ஆவது முயற்சியில் கிடைத்த கலவை. 1953-இல் ஏவுகணை உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கச் செய்தது. நடுவழியில் நனைந்த கேப்பைக் காயவைத்து வீடு சேர அது நல்ல மருந்து. நாலைந்து நாளில் கரைந்து போகிற மருந்தும்கூட. அதைக் குணம் என்று எண்ணிக்கொண்டால் அடுத்த ஓடையில் மறுபடி நிற்பீர்கள்.

கேப்பைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடம் முன்பு இதே புகாரோடு ஒரு குவாட் என் பட்டறைக்கு வந்தது. கேப் மாற்றினேன், சரியாகிவிட்டது போலத் தெரிந்தது. பத்து நாளில் திரும்பி வந்தது. காயில் மாற்றினேன். மறுபடி வந்தது. கடைசியில் ஒரு நாள் கேப்பை உருவும்போது பிளக் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் ஓர் எலுமிச்சம்பழச் சாறு அளவுக்குக் கலங்கல் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து ஹெட்டின் பக்கவாட்டுக்கு ஒரு சிறு துளை போகிறது. தேங்கும் தண்ணீர் வடிவதற்காகவே போட்ட துளை. சேறு உள்ளே போய், எஞ்சின் சூட்டில் செங்கல் போல வெந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பழைய கிளட்ச் கேபிளின் கம்பி இழையை விட்டுக் குடைந்தேன். சேறு உதிர்ந்தது, தண்ணீர் வடிந்தது, வண்டி அதன் பிறகு அந்தப் புகாரோடு வரவில்லை. காயிலுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லா எஞ்சினிலும் அந்தத் துளை இருக்காது. உங்களுடையதில் இருந்தால் குடைந்துவிடுங்கள். குடையும்போது பிளக் மாட்டியே இருக்கட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் குடைந்தால் சேறு சிலிண்டருக்குள் போகும்.

ஹை டென்ஷன் பக்கம் முழுக்கச் சுத்தம் என்றால் சுவிட்சுகளுக்கு வாருங்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் கில் சுவிட்ச் இரண்டு விதம். எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து நேரடியாகக் கரண்ட் எடுக்கும் ஏசி சிடிஐ வண்டிகளில், சுவிட்சைப் போட்டால் சிடிஐயின் ஒரு வயர் எர்த் ஆகி எஞ்சின் அணையும். அப்படிப்பட்ட சுவிட்சுக்குள் சேற்றுத் தண்ணீர் போனால், நீங்கள் தொடாமலே அது பாதி எர்த் ஆகிக்கொண்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஓடும் டிசி சிடிஐ வண்டிகளில் சுவிட்ச் கரண்டைத் துண்டிக்கிற வேலை செய்கிறது. அதில் ஈரத்தைவிடத் துரு பிடித்த காண்டாக்ட்தான் தொல்லை. ஏசி வகையாக இருந்தால், கில் வயரைச் சிடிஐ கப்ளரில் கழற்றிவிட்டு சுவிட்ச் மேல் தண்ணீர் அடித்துப் பாருங்கள். இருமல் நின்றால் ஆள் அகப்பட்டான். ஆனால் வயரைக் கழற்றிய பிறகு சுவிட்சால் எஞ்சினை அணைக்க முடியாது. பெட்ரோல் டேப்பை மூடியோ சோக்கை முழுக்க இழுத்தோதான் அணைக்க வேண்டும், அதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

குவாட்களுக்கே உரிய ஒரு வம்பும் உண்டு, பைக் மெக்கானிக்குகள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். பல குவாட்களில் ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் சுற்று ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி சிடிஐ கட்டுப்படுத்தும். ரிவர்ஸில் இருக்கிறோம் என்று அதற்குச் சொல்வது கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச். அந்தச் சுவிட்சின் கப்ளர் சேற்றில் ஊறினால், முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே வண்டி தான் ரிவர்ஸில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அறிகுறி தெளிவானது: கண்டபடி இருமாது, ஒவ்வொரு முறையும் ஒரே சுற்றில் சுவரில் முட்டியது போல வெட்டும். டேஷ்போர்டில் ரிவர்ஸ் விளக்கு மங்கலாக மினுக்கினால் சந்தேகமே வேண்டாம். சில வண்டிகளில் ஆக்சிலேட்டர் பெட்டிக்குள்ளும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும், கேபிள் தளர்ந்துவிட்டதாக அதற்குத் தோன்றினால் எஞ்சினை வெட்டும். அதுவும் ஈரத்துக்குப் பயந்த சாதிதான்.

ஸ்டேட்டரிலிருந்தும் பிக்கப் காயிலிலிருந்தும் வரும் வயர்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று சிடிஐக்குச் சொல்வது பிக்கப் காயில். அது அனுப்பும் சிக்னல் மிகச் சிறியது, பின்னில் கொஞ்சம் பச்சை பூத்தாலே தடுமாறும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவிட்டு, ரப்பர் சீலில் அதே சிலிக்கான் கிரீஸைத் தடவி மாட்டுங்கள். கப்ளரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காயிலை ஃப்ரேமில் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு இருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள், பல வண்டிகளில் காயிலுக்கு எர்த் அந்த வழியாகத்தான்.

இனி, ஓடை நடுவில் அணைந்த கதை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அந்தக் கிண்ணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் இருந்தால்தான் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே ஏறும். அதற்காகக் கார்புரேட்டரின் பக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோ மெல்லிய ரப்பர் குழாய்கள் கீழே தொங்கும். சாதாரணமாக அவற்றின் வாய் எஞ்சினுக்குக் கீழே எங்கேயோ காற்றில் இருக்கும். நீங்கள் ஆழத்தில் நின்றபோது அந்த வாய் தண்ணீருக்குள் போய்விட்டது. கிண்ணத்துக்குள் காற்று வர வழியில்லை. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் கூடி, பெட்ரோல் ஏறுவது குறைந்து, எஞ்சின் பட்டினியில் அணைகிறது. சில நேரம் அந்த வெற்றிடமே குழாய் வழியாகத் தண்ணீரைக் கிண்ணத்துக்குள் உறிஞ்சிவிடும். டேங்க் சுத்தமாக இருந்தும் கார்புரேட்டரில் தண்ணீர் வந்தது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

சரிசெய்வது எளிது. காற்றுக் குழாயை நடுவில் வெட்டி ஒரு டி (T) வடிவ இணைப்பு போடுங்கள். ஒரு கிளை பழையபடி கீழே தொங்கட்டும், நிரம்பி வழியும் பெட்ரோல் அதில் வடியும். இன்னொரு கிளையை ஃப்ரேமை ஒட்டி மேலே கொண்டுபோய், ஹேண்டில்பார் மூடிக்கு அடியில் முடியுங்கள். கீழ்வாய் மூழ்கினாலும் மேல்வாய் மூச்சுவிடும். குழாயை வளைக்கும்போது எங்கும் மடியக் கூடாது, சூடான சைலன்சருக்கு அருகே போகக் கூடாது. எது காற்றுக் குழாய், எது கிண்ணத்தின் வடிகுழாய் என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வடிகுழாயில் இதைச் செய்து பயனில்லை.

கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிதிருகை இப்போதே ஒருமுறை திறந்து, வருவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஐந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் பாதரச மணி போல உருண்டு நிற்கும். மெயின் ஜெட் கிண்ணத்தின் அடியில்தான் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது, அதனால் துளித் தண்ணீர் போதும், எஞ்சின் முழு ஆக்சிலேட்டரில் திணறும். எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம்வரை தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அப்படிப் பிரிந்ததைக் குலுக்கிக் கலக்க முடியாது, டேங்கைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மின்சாரமா பெட்ரோலா என்று பாதையிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். இருமும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். எஞ்சின் தேறினால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை: காற்றுக் குழாய் அடைப்பு அல்லது ஜெட்டில் தண்ணீர். இன்னும் மோசமானால் காற்று போதவில்லை: ஃபில்டர் நனைந்திருக்கிறது. எந்த மாற்றமும் இல்லாமல் அதே தாளத்தில் இருமினால் ஸ்பார்க் பக்கம். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

ஏர் ஃபில்டர் புதியது என்றீர்கள், எண்ணெய் போட்டீர்களா? ஃபோம் ஃபில்டரை அதற்குரிய எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து மாட்டினால்தான் தூசியையும் தண்ணீரையும் தடுக்கும். உலர்ந்த ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காற்றை விடாது. ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் வடிகுழாயைப் பிதுக்கிப் பாருங்கள். தண்ணீர் வந்தால் பெட்டிக்குள் எங்கோ வழி இருக்கிறது, பெரும்பாலும் மூடியின் கேஸ்கெட்.

எஞ்சின் நன்றாகக் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் இத்தனையும் தேவையில்லை, பெல்ட் நனைந்து வழுக்குகிறது. பெல்ட் பெட்டியின் அடியில் இருக்கும் வடிமூடியைத் திறந்து தண்ணீரை விட்டு, நியூட்ரலில் கொஞ்ச நேரம் ரெய்ஸ் செய்தால் காய்ந்துவிடும். காயாமல் ஏற்றத்தில் முறுக்கினால் பெல்ட் ஓரிடத்தில் எரிந்து பள்ளம் விழும்.

ஊசிப் பெட்ரோல் வண்டி, அதாவது இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் கார்புரேட்டர் பகுதியை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்கு ஒரு வசதி, எஞ்சின் விளக்கு எரிந்தால் பிழைக் குறியீட்டைப் படித்து எந்த சென்சார் கப்ளரில் ஈரம் என்று நேராகப் போகலாம்.

இன்னொரு முறை தண்ணீரில் அணைந்தால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: செல்ஃபை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப் போல அழுந்தாது. பிஸ்டன் மேலே வந்து அதில் முட்டும், செல்ஃப் மோட்டார் விடாமல் தள்ளும், கனெக்டிங் ராடு வளையும். வண்டியைக் கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, கேப்பின் முனை திறந்த பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி எர்த் ஆகும்படி வைத்துவிட்டு, கையால் இழுக்கும் ஸ்டார்ட்டர் இருந்தால் அதை மெதுவாக இழுங்கள். முகத்தை ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள், உள்ளே இருப்பது பீறிட்டு வரும். பிறகு ஆயில் டிப்ஸ்டிக். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்ட வேண்டாம், வடித்து மாற்றி, சிறிது ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். சக்கர அச்சில் இருக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயிலையும் பாருங்கள். ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நீங்கள் நின்ற ஆழத்துக்கு அந்தப் போன மாத ஓடைக்குப் பிறகு இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் ஸ்பிரே பாட்டிலுக்கு முன்பே இதைப் பாருங்கள்.

கழுவும்போதும் வருகிறது என்கிறீர்களே, பிரஷர் வாஷரா? அதன் முனையைக் கப்ளர், காயில், பேரிங் பக்கம் நேராகக் காட்டாதீர்கள். ஓடை செய்யாத வேலையை அது அரை நிமிடத்தில் செய்யும்.

இவ்வளவும் பார்த்து, எல்லாம் சுத்தம், காய்ந்திருக்கும்போதும் சூடேறினால் இருமல் வருகிறது என்ற நிலைக்கு வந்தால் சிடிஐயைப் பற்றிப் பேசலாம். அப்போதும் நேராகக் கடைக்குப் போகாமல், அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு மணி நேரம் இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பாருங்கள். பகுதி எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடல் பெட்டியை மாட்டிப் பார்க்காதீர்கள். மாட்டுவதற்கு முன், உங்கள் பழைய பெட்டியின் கப்ளருக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.